நீர்வீழ்ச்சியில் ஒளி கண்டவர்

இலங்கை நீர்மின்சாரத்தின் தந்தையெனப் போற்றப்படும் டி. ஜே. விமலசுரேந்திர 1874ஆம் ஆண்டு காலியிற் பிறந்தவர். அரசாங்கப் பொறியியலாளராய் மலைநாட்டிற் பொன் தேடச் சென்றவர் அருவிகளின் ஆற்றலைக் கண்டு மீண்டார் என்பர்; பொன்னினும் பெரிய புதையலன்றோ அது! லக்சபானவில் வீழும் நீரைக்கொண்டு மின்சாரம் ஆக்கலாமென 1918இல் பொறியியலாளர் சங்கத்தின்முன் கணக்கிட்டுக் காட்டினார். ஆட்சியாளர் தயங்கினர். 1931இல் இரத்தினபுரி உறுப்பினராய் அரசாங்க சபை புகுந்து, அங்கும் வாதாடினார். 1950இலேயே லக்சபான இயங்கியது. 1953இல் அவர் மறைந்தார்.

மலைநீர் தந்த அம்மின்சாரம் கொழும்பை அடைந்த பின்னரும், நம் ஊவாத் தோட்ட லயங்களிற் பல்லாண்டுகள் குப்பிவிளக்கே எரிந்தது. அவ்வொளியிற் படித்தே நம் மாணவர் பலர் இக்கல்லூரிக்கு வந்தனர் என்பதை நாம் அறிவோம். நோட்டன் பிரிட்ஜ் மின்நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.