முகங்களை எழுதியவர்: ஜூலியா மார்கரெட் கேமரன்

எண்ணற்ற புகைப்படங்களை நாம் காண்கிறோம். நெஞ்சில் நின்று நிலைப்பவை மிகச் சில. கூர்மையான வில்லையோ புகழ்பெற்ற முகமோ மட்டும் அந்த நிலைபேற்றைத் தருவதில்லை. வேறு எது தருகிறது என்னும் வினாவுக்கு விடை காண விழைவோர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜூலியா மார்கரெட் கேமரனின் வாழ்க்கையை அறிதல் நலம். கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் புகழ் பெற்று, இலங்கையின் மலைநாட்டில் மண்ணுள் அடங்கிய வாழ்க்கை அது. தமிழகத்திலிருந்து சென்ற உழைப்பாளிகள் காடழித்துக் காப்பி நட்ட மலைகளுக்கிடையே அவருடைய கல்லறை அமைந்திருப்பது, அவரை நமக்குச் சற்று நெருக்கமானவர் ஆக்குகிறது.

ஜூலியா 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பேட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர்; தாய் பிரெஞ்சு வழியினர். இளமைக் கல்வி பெரிதும் பிரான்சில் அமைந்தது. அழகுக்குப் பெயர் பெற்ற உடன்பிறந்தாரிடையே இவர் ஒருவரே அழகு குறைந்தவர் எனப் பேசப்பட்டார். பிற்காலத்தில் முகங்களில் பேரழகைத் தேடி அலைந்தவரின் இளமையில் இப்படியொரு குறிப்பு இருப்பது கருதத்தக்கது.

உடல்நலம் தேறுவதற்காக நன்னம்பிக்கை முனைக்குச் சென்றிருந்தபோது, 1836இல் இருவரை அவர் சந்தித்தார். ஒருவர் தென்வானின் விண்மீன்களை ஆராய்ந்துகொண்டிருந்த வானியலறிஞர் சர் ஜான் ஹெர்ஷல். மற்றவர் சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரன். இலங்கையில் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறை ஒழிய வழிசெய்த கோல்புரூக்–கேமரன் ஆணைக்குழுவில் இடம்பெற்றவர். தம்மினும் இருபது ஆண்டு மூத்த கேமரனை 1838இல் கல்கத்தாவில் ஜூலியா மணந்தார். ஹெர்ஷலோ வாழ்நாள் நண்பரானார். புகைப்படக்கலை பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த 1842இல், அக்கலையின் முதற்படிகள் சிலவற்றைக் கல்கத்தாவிற்கு அனுப்பியவர் அவரே. ஆயினும் அந்த விதை முளைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இடைப்பட்ட காலத்தில் ஜூலியா ஜெர்மானியக் கவிஞர் பியூர்கரின் லெனோர் என்னும் கதைப்பாடலை 1847இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார், பிள்ளைகளை வளர்த்தார், 1848இல் குடும்பத்தோடு இங்கிலாந்து சென்றார், 1860இல் வைட் தீவின் ஃப்ரெஷ்வாட்டரில் கவிஞர் டென்னிசனின் இல்லத்திற்கு அருகே குடியேறினார். அவ்வீட்டிற்கு இட்ட பெயர் டிம்போலா. இலங்கை மலைநாட்டில் கேமரன் குடும்பத்துக்கு இருந்த தோட்டத்தின் நினைவாக வைத்த பெயர் அது.

1863 டிசம்பரில், அவருக்கு 48 வயதாகியிருந்தபோது, மகளும் மருமகனும் ஒரு புகைப்படக்கருவியைப் பரிசளித்தனர். கணவர் இலங்கை சென்றிருந்த வேளையில் தனிமை தீர ஒரு பொழுதுபோக்காகட்டும் என்பதே அவர்கள் எண்ணம். நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று. கோழிக்கூண்டு கண்ணாடி வேய்ந்த படப்பிடிப்புக் கூடமாயிற்று. 1864 ஜனவரியில் ஆனி என்னும் சிறுமியின் முகம் தெளிவாக விழுந்தது. அதையே தம் முதல் வெற்றி எனக் குறித்துவைத்தார்.

அக்காலத்துப் புகைப்பட முறை எளிதன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் உலருமுன் ஒளிகாட்டி, உடனே உருவேற்றி முடிக்கவேண்டும். வெள்ளிக்கறை கையிலும் உடையிலும் நீங்காது. கேமரன் கையாண்டது பெரிய தகடு. விரும்பியதோ மங்கிய பக்கவொளி. ஆகவே அமர்ந்தவர் சில நிமிடங்கள் அசையாதிருக்க நேர்ந்தது. எவரால் அப்படி இருக்கமுடியும்? மூச்சு அசையும், இமை நடுங்கும். அந்நடுக்கம் படத்தில் மென்மூட்டமாகப் படிந்தது. புகைப்படச் சங்கத்தார் அதைக் கவனக்குறைவு என்று இகழ்ந்தனர். கோடுகளும் கைரேகைகளும் படிந்த தகடுகளைக் காட்டி நகைத்தனர். எது சரியான குவியம் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு என ஹெர்ஷலுக்கு எழுதிக் கேட்டார் கேமரன். முகம் அழகாகத் தோன்றும் இடத்தில் வில்லையை நிறுத்தினார். அதற்கப்பால் கூர்மையைத் தேடவில்லை.

அவர் படங்கள் நம்முள் நிலைப்பதன் முதற்காரணம் இதுவே எனலாம். கணத்தில் பிடித்த படம் ஒரு முகத்தின் தோற்றத்தைக் காட்டும். நிமிடங்கள் பிடித்த படமோ அமர்ந்திருந்தவர் வாழ்ந்து கழித்த ஒரு சிறு பொழுதையே தன்னுள் கொண்டிருக்கும். நம் இலக்கணம் மெய்ப்பாடு என்று வகுத்ததை, உள்ளத்து நிகழ்வு மெய்யின்கண் தோன்றுவதை, இப்படங்களில் காண்கிறோம்.

அவர் எடுத்த முகங்களை மூவகைப்படுத்திக் காணலாம்.

முதல்வகை, பெயரோடு நிற்பவர்கள். டென்னிசன், கார்லைல், டார்வின், ஹெர்ஷல் ஆகியோர் இவ்வகையினர். 1867இல் ஹெர்ஷலின் வெண்முடியைக் கழுவி விரியச் செய்து, இருளினின்று ஒரு விண்மீன் எழுவதுபோல் அம்முகத்தை எடுத்தார். அதே ஆண்டு எடுத்த கார்லைலின் முகம் முற்றும் செதுக்கி முடியாத பாறை. டென்னிசனின் 1865ஆம் ஆண்டுப் படத்திற்கு அழுக்குத் துறவி என அக்கவிஞரே வேடிக்கையாகப் பெயர் சூட்டினார். ஜூலியா ஜாக்சன் என்னும் தம் உடன்பிறந்தாள் மகளையும் கேமரன் பலமுறை படமெடுத்தார். புராண வேடமின்றி அப்பெண்ணின் சொந்தப் பெயராலேயே வழங்கும் படங்கள் அவற்றுள் சிறந்தவை. அப்பெண் பின்னாளில் வர்ஜீனியா வுல்ஃபின் தாயானார். 1926இல் இப்படங்களைத் தொகுத்து நூலாக்கியோருள் வுல்ஃபும் ஒருவர்.

இரண்டாம் வகை, பிறர் பெயர் தாங்கியவர்கள். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் கேமரனின் படங்களில் கன்னி மரியாளாக அமர்ந்தார். டென்னிசன் கேட்டுக்கொண்டதற்கிணங்க 1874இல் ஆர்தர் மன்னன் காவியத்திற்குப் படம் எடுத்தபோது உற்றாரும் அண்டை அயலாரும் அரசராயினர், அரசியராயினர். பதிப்பாளர் அப்படங்களைச் சிறு மரச்செதுக்குகளாகக் குறுக்கிவிட, மனம் ஒப்பாத கேமரன் மூலப்படங்களையே ஒட்டிப் பெரிய பதிப்பு ஒன்றைத் தாமே கொணர்ந்தார். வேடங்கள் இன்று சில இடங்களில் செயற்கையாகத் தோன்றலாம். ஆனால் வேடத்தை மறந்து மேரி ஹில்லியர் கண் தாழ்த்தியிருக்கும் படங்களில் மரியாளும் பணிப்பெண்ணும் ஒருவரே ஆகின்றனர்.

மூன்றாம் வகை, பெயர் இழந்தவர்கள். இவர்களைக் காண நாம் இலங்கைக்குச் செல்லவேண்டும்.

படங்கள் புகழ் தந்தனவே அன்றிப் பொருள் தரவில்லை. இலங்கைக் காப்பித் தோட்டங்களின் வருவாயும் நம்பத்தக்கதாயில்லை. 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்துவந்தது. 1875இல் கேமரன் தம்பதியர் இங்கிலாந்தை விட்டு, மைந்தர் வாழ்ந்த இலங்கைக்குக் கப்பலேறினர். சென்ற இடத்தில் கிடைக்குமோ கிடைக்காதோ என்று தமக்கு இரு சவப்பெட்டிகளையும் உடன்கொண்டு சென்றனர்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தவரின் கை இங்கே தளர்ந்தது. இலங்கையில் எடுத்தவற்றுள் நமக்கு எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. களுத்துறையில் 1877இல் அவரைக் கண்ட ஓவியர் மேரியன் நார்த் ஒரு செய்தியைக் குறித்துள்ளார். ஒருவனின் முதுகழகில் மனம் பறிகொடுத்த கேமரன், தோட்டமே இல்லாத வீட்டுக்கு அவனைத் தோட்டக்காரனாக அமர்த்தவேண்டும் என்று மகனிடம் வற்புறுத்தினாராம். இச்செய்தி நகைப்பை விளைவிக்கும். எண்ணிப் பார்த்தால் வருத்தத்தையும் விளைவிக்கும். அம்மனிதனின் முதுகு நினைவில் நின்றது, பெயர் நிற்கவில்லை.

1878ஐச் சேர்ந்த மற்றொரு படம் களுத்துறைக் குடியானவர் குழுவினுடையது. அதன் கீழ் எழுதப்பட்ட குறிப்பில் பெண்ணின் வயது பன்னிரண்டு என்றும், முதியவர் தம்மை அவள் தந்தை எனவும் நூறு வயதினர் எனவும் கூறுகிறார் என்றும் உள்ளது. வயதைக் கேட்டு எழுதியவர் பெயரைக் கேட்டு எழுதவில்லை. கேமரனைத் தனியே குறை கூறிப் பயனில்லை. ஆளவந்தோர் அனைவரின் பழக்கம் அது. தெற்கிலிருந்து கடல் கடந்து, மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, வழியில் மடிந்த தமிழர் பலரும் பெயரின்றியே போயினர்.

தமிழ் பயின்றோர்க்கு இங்கே அகமரபு நினைவுக்கு வரும். அகப்பாடல் மாந்தர்க்குப் பெயர் சுட்டுவதில்லை. எவர்க்கும் உரியதாகவேண்டி உணர்வின் பொருட்டுப் பெயர் விலக்கிய அறம் அது. களுத்துறைப் பெண்ணின் பெயரின்மை அத்தகையதன்று. எவரும் கேளாமல் விட்டதால் நேர்ந்தது. பெயர் அறியப்படாத சங்கப் புலவரை அவர் ஆண்ட உவமையாலேயே செம்புலப்பெயனீரார் என்று அழைத்துக் காத்தது நம் தொகைமரபு. அப்பெண்ணுக்கு அப்படி ஒரு பெயரிடவும் எவருமில்லை. எனினும் ஹெர்ஷலின் முகத்திற்கு அளித்த அதே பொழுதை, அதே நெருக்கத்தைக் கேமரன் அவளுக்கும் அளிக்க முயன்றார். அதனாலேயே அம்முகம் மறையவில்லை.

1879 ஜனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் காலமானார். அடுத்த ஆண்டு கணவரும் மறைந்தார். இருவரும் பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய வளாகத்தில் துயில்கின்றனர். அவர்கள் கல்லறையில் பெயர் உண்டு. சுற்றியுள்ள மலைகளில் புதைந்தவர் பலர்க்கு அதுவும் இல்லை.

கலைஞர் தரும் பொழுதே ஒரு முகத்தை நிலைக்கச் செய்கிறது என்பது இவ்வாழ்க்கை காட்டும் முதல் உண்மை. அப்பொழுதில் ஒரு நொடியேனும் எதிரிருப்பவரின் பெயரைக் கேட்பதற்கும் உரியது என்பது, அவர் விட்டுச்சென்ற குறையிலிருந்து நாம் பெறும் உண்மை. மனிதரைப் பாடும் பத்தாண்டுப் பணியை நிறைவு செய்யும் நம் வட்டத்துக் கவிஞர்க்கு இவ்விரண்டும் பயன்படும்.