கயிற்றுப் பாலத்தை வரைந்தவர்

தோமஸ் டேனியல் 1749இல் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை ஒரு சத்திரம் நடத்தியவர். மகன் முதலில் கற்றது குதிரை வண்டிகளுக்கு வர்ணம் தீட்டும் தொழில். பின்னர் இலண்டன் ரோயல் அக்கடமியில் ஓவியம் படித்தார். அங்கே பிழைப்பு எளிதாக அமையவில்லை. 1785இல் தம் சகோதரரின் மகன் வில்லியத்தையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். வில்லியத்துக்கு அப்போது நம்மில் பலரைவிட வயது குறைவு! சீனா வழியாக 1786இல் கல்கத்தாவை அடைந்தார்கள்.

1789இல் இருவரும் இமயமலையின் கார்வால் பகுதிக்கு ஏறிச் சென்றார்கள். அங்குள்ள ஸ்ரீநகரில் (காஷ்மீரத்து ஸ்ரீநகர் அல்ல) அலக்நந்தா ஆறு பாறைகளுக்கிடையே சீறி ஓடுகிறது. அதன்மேல் ஒரு கயிற்றுப் பாலம். அவர்கள் போன நேரம் நல்ல நேரமல்ல. அல்மோராவின் படை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர் மக்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாலத்தால் ஓடினார்கள். அதைத்தான் டேனியல் வரைந்தார். அக்காலத்து ஐரோப்பிய ஓவியர்கள் நம் பக்கத்து மனிதர்களைக் காட்சிக்கு அழகு சேர்க்கும் சின்னஞ்சிறு உருவங்களாகவே வைப்பார்கள். இங்கும் உருவங்கள் சிறியவைதான். ஆனால் அவர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று தெரிந்தபின் மலையைவிட அவர்களையே கண் தேடுகிறது. மழைக்காலத்தில் தோட்டத்துத் தொங்கு பாலத்தைக் கடந்தவர்களுக்கு இது விளங்கும்.

1792இல் தமிழ்நாட்டுக்கும் வந்து பாபநாசம் அருவியை வரைந்தார். 1794இல் ஊர் திரும்பினார். இந்தியக் காட்சிகள் பலவற்றை எண்ணெய் வர்ணத்தில் தீட்டினார். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட 144 படங்கள் 1795 முதல் 1808 வரை வெளிவந்தன. கயிற்றுப் பாலமும் அவற்றில் ஒன்று.

வில்லியத்தின் தம்பி சாமுவேலும் ஓவியர். அவர் இலங்கைக்கு வந்து வரைந்தார். 1811இல் இங்கேயே இறந்தார். வில்லியம் 1837இல் போனார். திருமணம் செய்யாத தோமஸ் தொண்ணூறு வயதுவரை வாழ்ந்து 1840இல் மறைந்தார்.

1894இல் மேலேயிருந்த ஓர் ஏரி உடைந்து வந்த வெள்ளம் பழைய ஸ்ரீநகரை அடித்துச் சென்றது. அந்த ஊரை இன்று டேனியலின் படங்களில் பார்க்கலாம். பழைய மஸ்கெலியா நகரம் 1960களில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் போனது. நீர் வற்றும் மாதங்களில் பழைய கோவில் தலைகாட்டும். அதன் கடைத்தெரு எப்படி இருந்தது என்று கேட்டால் என் உம்மும்மா கடை கடையாகச் சொல்வார். படமாக யாரும் தீட்டி நான் கண்டதில்லை.