கம்ப்யூட்டரைச் சின்னதாக்கிய கென் ஓல்சன்



கார்டு பஞ்ச் பண்ணிக் கவுண்டரில் கொடுத்துவிட்டு, ரிசல்ட்டுக்காக மறுநாள் வரை காத்துக் கிடந்தவர்கள் நம்மில் உண்டு. ஒரு கமா தப்பினால் போச்சு, மறுபடியும் முதலிலிருந்து! கண்ணாடி அறைக்குள் பூட்டிக் கிடந்த கம்ப்யூட்டரை, பயன்படுத்துகிறவர் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தவர்களில் முக்கியமானவர் கென் ஓல்சன்.

1926-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தார். கடற்படையில் எலெக்ட்ரானிக்ஸ் பழகி, எம்.ஐ.டி.யில் படித்து, அங்கேயே லிங்கன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். 1957-ல் ஹார்லன் ஆண்டர்சனுடன் சேர்ந்து, மேனார்டு ஊரில் ஒரு பழைய கம்பளி ஆலையில் டிஜிட்டல் கம்பெனியைத் தொடங்கினார். முதலீடு 70,000 டாலர். பணம் போட்டவர்களுக்குக் கம்ப்யூட்டர் என்ற பெயரே ஆகவில்லை. அதில் யாருக்கு லாபம் வந்தது என்று பயம். அதனால் முதலில் சர்க்யூட் அட்டைகளை விற்றார்கள். 1959-ல் இயந்திரம் வந்தபோதும் அதற்குக் கம்ப்யூட்டர் என்று பேர் வைக்காமல், பி.டி.பி.-1 என்று வைத்தார்கள். விலை சுமார் 1,20,000 டாலர். அன்றைய பெரிய இயந்திரங்களோடு பார்த்தால் இது கொள்ளை மலிவு!

1963-ல் வந்த பி.டி.பி.-5 விலை 27,000 டாலர். 1965-ல் பி.டி.பி.-8 வெறும் 18,000. பன்னிரண்டு பிட், 4,096 சொற்கள் கொண்ட நினைவகம், அவ்வளவுதான். ஆனால் அந்த வரிசை 50,000-க்கு மேல் விற்றது. யூனிக்ஸ் பிறந்தது 1969-ல், ஒரு பி.டி.பி.-7-ல்; வளர்ந்தது 1970-ல் வந்த பி.டி.பி.-11-ல். அதையே 32 பிட்டுக்கு விரித்து 1977-ல் வேக்ஸ் வந்தது.

1986-ல் ஃபார்ச்சூன் பத்திரிகை அமெரிக்காவின் தலைசிறந்த தொழில்முனைவராக அவரைக் கொண்டாடியது. ஆனால் அதற்குள் மேசை மேல் வைக்கும் பர்சனல் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. டிஜிட்டலும் 1982-ல் மூன்று மாடல் விட்டது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, எடுபடவும் இல்லை. பெரிசுகளைச் சின்னதால் ஜெயித்தவர், தன்னைவிடச் சின்னது வந்தபோது அசட்டையாக இருந்துவிட்டார். 1992-ல் பதவி விலகினார். 1998-ல் டிஜிட்டலை வாங்கியது யார் தெரியுமா? பர்சனல் கம்ப்யூட்டர் விற்ற காம்பேக்! 2011-ல் ஓல்சன் காலமானார்.

நம்மிலும் பலர் பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள். ஒரு சின்னப் பையன் சின்னதாக எதையாவது கொண்டுவந்து காட்டினால், 'இது எதுக்குப்பா?' என்று தள்ளிவிடுவதற்கு முன் கென் ஓல்சனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வோமே!