காசுக்கு 70 மார்க்: யார் இந்த வில்லியம் ஷெல்டன்?

கனடாவின் பழைய விக்டோரியா சென்ட் ஒன்று கெலவரப்பள்ளியில் யாரிடமாவது இருந்தாலும், சேகரிப்பாளர்கள் அதன் தரத்தை 1 முதல் 70 வரையிலான எண்ணில்தான் சொல்வார்கள். அந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன் (1898–1977).

ஆட்களைப் படம் பிடித்து, உடல்வாகை வைத்துக் குணத்தைச் சொல்லிவிடலாம் என்றார். அது எடுபடலை. காசுக் கணக்குதான் நின்றது. அமெரிக்காவின் பழைய செப்பு சென்ட்டுகள் பற்றி 1949-ல் எழுதிய நூலில் அதை வெளியிட்டார். என்ன காசு என்று மட்டும் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தால் 1. தேய்மானமே இல்லாமல் அச்சடித்தபடி இருந்தால் 70. நடுவில் உள்ளதற்கு மார்க் போடத்தான் படம் வேண்டும். படத்தில் உள்ள தலைமுடிக் கோடுகளோடு கையில் உள்ள காசை ஒப்பிட்டால், எங்கே மழுங்கியிருக்கு என்று தெரிந்துவிடும்.

கடைசியில் படம்தான் அவரையும் காட்டிக்கொடுத்தது. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்துக்கு ஜார்ஜ் கிளாப் என்பவர் தன் சென்ட்டுகளைக் கொடுத்திருந்தார். அதில் நல்ல காசுகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, மட்டமானவற்றை ஷெல்டன் அங்கே வைத்துவிட்டார். ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கும் மேல்! அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, கிளாப் சேகரிப்பின் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டபோது குட்டு உடைந்தது. காசில் விழுந்த கீறல் கைரேகை மாதிரி, மாறாது. கழகம் வழக்கு போட்டுப் பல காசுகளை மீட்டது.