ஒரு ராத்திரி தாமதம் – கர்னல் பெய்லியின் கதை



நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். சரித்திரப் பேராசிரியர் அல்ல. ஆனால் நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே நடந்த ஒரு சம்பவம் பல வருடங்களாக என் மனதில் இருக்கிறது. அதை இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் ஊருக்கு வடக்கே சுமார் 15 கி.மீ. தூரத்தில் புள்ளலூர் என்ற கிராமம் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் தன் எதிரிகளை முறியடித்த இடம் என்று காசக்குடிச் செப்பேடு சொல்வது இந்த ஊரைத்தான். அதற்கு ஆயிரத்து நூறு வருடங்களுக்கு மேல் கழித்து, 1780 செப்டம்பர் 10 அன்று, அதே ஊரில் லெப்டினன்ட் கர்னல் வில்லியம் பெய்லியின் படை அழிந்தது. இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்ட தோல்விகளிலேயே மோசமானது அது என்பார்கள்.

பெய்லி ஸ்காட்லாந்துக்காரர். இன்வர்னஸ் பக்கம் டுனெய்ன் என்ற இடத்துக் குடும்பம். கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி பெரும் படையோடு செங்கம் கணவாய் வழியாக இறங்கி வந்தபோது, பெய்லி வடக்கே குண்டூரில் இருந்தார். அவரிடம் சுமார் 2,800 பேர். அவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள்.

சென்னையில் தளபதியாக இருந்தவர் சர் ஹெக்டர் மன்றோ. இரண்டு படைகளும் சென்னையிலேயே சேரலாம் என்று ஒரு மூத்த அதிகாரி யோசனை சொன்னார். மன்றோ கேட்கவில்லை. காஞ்சிபுரத்தில்தான் சேர வேண்டும் என்று முடிவு செய்தார். ஹைதர் அப்போது ஆற்காட்டை முற்றுகையிட்டிருந்தார். அவ்வளவு பக்கத்தில் போய்ச் சேருவது ஆபத்து என்று நமக்கே தெரிகிறது.

ஆகஸ்ட் 25 அன்று பெய்லி கொசஸ்தலை ஆற்றின் வடகரைக்கு வந்து சேர்ந்தார். ஆற்றில் இறங்கி நடந்தே கடக்கலாம், தண்ணீர் அவ்வளவு குறைவு. படை களைத்திருந்தது. காலையில் கடந்துகொள்ளலாம் என்று அந்தக் கரையிலேயே கூடாரம் போட்டார். ராத்திரி வெள்ளம் வந்துவிட்டது! கோடையில் இந்த ஆற்றில் மணலை மட்டும் பார்த்த நமக்கு நம்புவது கஷ்டம். ஆனால் செப்டம்பர் முதல் வாரம் வரை பெய்லியால் ஆற்றைத் தாண்ட முடியவில்லை. அதற்குள் திப்பு சுல்தான் சுமார் 10,000 பேரோடு குறுக்கே வந்துவிட்டார்.

செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் பெய்லி திப்புவை எதிர்த்து நின்று சமாளித்தார். ஆனால் நிறைய சேதம். இனி என்னால் வர முடியாது, நீங்கள் வாருங்கள் என்று மன்றோவுக்குத் தகவல் அனுப்பினார். மன்றோ காஞ்சிபுரத்தில் சுமார் 5,000 பேரோடு இருந்தார். நடுவில் 14 மைல்தான். அவர் நகரவில்லை. கோயில் வளாகத்தில் வைத்திருந்த அரிசியையும் பெரிய பீரங்கிகளையும் விட்டுவிட்டுப் போக மனமில்லை. கர்னல் பிளெட்சர் தலைமையில் சுமார் 1,000 பேரை மட்டும் அனுப்பினார்.

9ஆம் தேதி இரவு எல்லோரும் காஞ்சிபுரம் நோக்கிக் கிளம்பினார்கள். வழியில் எதிரியின் துப்பாக்கிச் சத்தம். பெய்லி மறுபடியும் படையை நிறுத்தினார், விடிந்த பிறகு போகலாம் என்று. அந்த இடைவெளியில் ஹைதரின் முழுப் படையும் சூழ்ந்துகொண்டது.

காலையில் பீரங்கியும் ராக்கெட்டும் நாலு பக்கமும் பொழிந்தன. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பெய்லி காயத்தோடு, மிச்சம் இருந்தவர்களைச் சதுரமாக நிறுத்தி, தாக்குதலுக்கு மேல் தாக்குதலைத் தாங்கினார். கடைசியில் சரணடைந்தார். பிளெட்சர் இறந்துபோனார். மன்றோ? மறுநாளே பீரங்கிகளையும் தளவாடங்களையும் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு நோக்கிப் பின்வாங்கினார். எந்தச் சரக்கைக் காப்பாற்ற ஆட்களைக் கைவிட்டாரோ, அந்தச் சரக்கும் போயிற்று.

பெய்லியைச் சங்கிலி போட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறை வைத்தார்கள். 1782 நவம்பர் 13 அன்று அங்கேயே காலமானார். அடுத்த மாதமே ஹைதரும் இறந்தார். பெய்லிக்கு அங்கே 1816இல் அவருடைய உறவினர் நினைவு மண்டபம் கட்டினார். தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூர்ப் போர் ஓவியம் இருக்கிறது. காயம்பட்ட பெய்லி நடுவில் பல்லக்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

தப்பு யாருடையது என்று இன்றைக்கும் விவாதம் நடக்கிறது. என் கணக்கு இது. பெய்லி தைரியசாலி, ஆனால் இரண்டு முறை விடியட்டும் என்று காத்திருந்தார். வங்கியில் நானும் ஒரு சாயங்காலம் சின்ன வித்தியாசம்தானே, காலையில் பார்க்கலாம் என்று லெட்ஜரை மூடியவன். அதைத் தேட மூன்று நாள் ஆயிற்று. எனக்குப் போனது தூக்கம் மட்டும். பெய்லிக்கு ஒரு படையே போயிற்று. ஆனாலும் பெரிய பற்று மன்றோவின் பெயரில்தான் எழுத வேண்டும். உதவி கேட்டவன் 14 மைலில் இருந்தான், கேட்டவர் மூட்டைக்குக் காவல் இருந்தார். அவர் முழுப் படையோடு போயிருந்தால் கதை மாறியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

புள்ளலூரில் இரண்டு பழைய நினைவுத் தூண்கள் நிற்கின்றன. அவை அடுத்த வருடம், 1781 ஆகஸ்டில், அதே இடத்தில் நடந்த போரில் இறந்த ஆங்கில அதிகாரிகளுக்காக வைத்தவை. இரண்டு தரப்பிலும் விழுந்த நம் சிப்பாய்களுக்கு அங்கே ஒரு கல்லையும் நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அந்தத் தூண்களுக்குப் பக்கத்தில் நின்று, பெயர் தெரியாத அந்தச் சிப்பாய்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.