ஜோன் மக்கிறோ: ஒரு நகரும் இரு குழுக்களும்

அமெரிக்க நாட்டின் பேஸ்போல் வரலாற்றிலே ஜோன் மக்கிறோ பெற்ற இடம் பெரிது. கிரிக்கெற்றையே பயின்ற எம்மவருட் பலர் அப்பெயரைக் கேட்டிரார். அவர் வென்ற ஆட்டங்கள் ஆயிரக்கணக்கின. எனினும் அவர் ஆட மறுத்த ஒரு தொடரே எம் சிந்தையைக் கவர்கின்றது.

1873ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆந் திகதி, நியூயோர்க் மாநிலத்துச் சிற்றூராகிய ட்ரக்ஸ்ரனில் வறிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பன்னிரண்டு வயது நிரம்புமுன் அன்னையையும் உடன்பிறந்தார் சிலரையும் நோய்க்குப் பறிகொடுத்தார். தந்தையின் அடி பொறாது வீட்டைவிட்டகன்று, அயலிலிருந்த பெண்மணி ஒருவரின் ஆதரவிலே வளர்ந்தார். 1891இல் பால்ரிமோர் குழுவிற் சேர்ந்தார். அக்குழு 1894 முதல் மூன்றாண்டுகள் தொடர்ந்து தேசிய லீக்கில் முதலிடம் பெற்றது. குள்ளமான உருவம், நடுவரோடு வாதிடச் சளையாத நா.

அக்குணமே 1901இல் தோன்றிய அமெரிக்க லீக்கின் தலைவர் பான் ஜோன்சனோடு அவரைப் பகைக்கச் செய்தது. 1902 யூலையில் மக்கிறோ அந்த லீக்கை உதறி, தேசிய லீக்கைச் சேர்ந்த நியூயோர்க் ஜயன்ற்ஸ் குழுவின் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டே ஜோன்சன் அதே நகரில் ஹைலாண்டர்ஸ் என்னும் போட்டிக் குழுவை நிறுவினார். அது மக்கிறோ விட்டுவந்த பால்ரிமோர்க் குழுவின் இடத்தையே பெற்று வந்தது. அவருக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

1904இல் ஜயன்ற்ஸ் தன் லீக்கில் முதலிடம் பெற்றது. மற்றைய லீக்கில் ஹைலாண்டர்ஸ் வெல்லக்கூடும் என்ற நிலை. இழிந்த லீக்கொன்றின் குழுவோடு ஆடுவதில்லையென மக்கிறோவும் குழுவின் உரிமையாளர் பிறஷும் மறுத்துவிட்டனர். இறுதி நாளில் பொஸ்ரன் குழுவே அங்கு முதலிடத்தைப் பெற்றும் மறுப்பு மாறவில்லை. அவ்வாண்டு உலகத் தொடர் நடைபெறாதொழிந்தது. இதனை விளையாட்டு வீரர்க்குரிய செயலென யாம் கொள்ளோம். ஊரார் குறைகூறவே, அடுத்த ஆண்டுத் தொடருக்கான விதிகளைப் பிறஷ் தாமே வகுத்தார். 1905இல் மக்கிறோவின் குழு பிலடெல்பியாவை வென்றது. பந்து வீசிய கிறிஸ்ரி மத்தியூசன் மூன்று ஆட்டங்களில் எதிரிக்கு ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை.

1911இல் ஜயன்ற்ஸின் போலோ கிறவுண்ட்ஸ் மைதானம் தீக்கிரையானபோது, தன் மைதானத்திற் சில காலம் இடமளித்தது அந்த அயற் குழுவே! 1913இல், யாங்கீஸ் எனப் பெயர்பெற்ற அக்குழு ஜயன்ற்ஸின் மைதானத்திற்கே வாடகைக் குடியாய் வந்தது.

1920இல் யாங்கீஸிற் சேர்ந்த பேப் ரூத், பந்தை வேலிக்கப்பால் அடித்து மக்களை மயக்கினார். மெல்லத் தட்டி, விரைந்தோடி, எதிரியை ஏமாற்றும் நுண்ணாட்டமே மக்கிறோ போற்றிய கலை. அவ்வாண்டு யாங்கீஸைக் காண வந்தோர் 12 இலட்சத்துக்கு மேல். வீட்டுக்காரனை விஞ்சிவிட்டது குடி. வெளியேறும்படி கூறப்பட்டது. 1921, 1922 உலகத் தொடர்களில் ஒரே மைதானத்தைப் பகிர்ந்த இரு குழுக்களும் மோத, இருமுறையும் மக்கிறோவே வென்றார். 1923இல் யாங்கீஸ் ஹார்லெம் ஆற்றின் மறுகரையில் சொந்த மைதானம் எழுப்பிற்று. அங்கு உடைமாற்றவும் மனமின்றி, மக்கிறோ தம் வீரரைப் பழைய மைதானத்திலேயே உடுத்தி வாடகைக் கார்களில் அனுப்பினார். அத்தொடரில் யாங்கீஸ் நான்கு ஆட்டங்களுக்கு இரண்டாக வென்றது.

1932 யூன் 3ஆந் திகதி அவர் ஓய்வை அறிவித்தார். அன்றே யாங்கீஸ் வீரர் லூ கெரிக் ஒரே ஆட்டத்தில் நான்கு முறை பந்தை வேலி கடத்தினார். மறுநாட் பத்திரிகைகள் முதன்மையளித்ததோ மக்கிறோவின் செய்திக்கே. 1934 பெப்ருவரி 25ஆந் திகதி அவர் காலமானார்.