ராஜா அனுப்பிய ஆளை சிறையில் தள்ளிய கவர்னர்! - தரங்கம்பாடி சீகன்பால்க் கதை

தரங்கம்பாடிக்கு டிரிப் போயிருக்கீங்களா? டேனிஷ் கோட்டை முன்னாடி செல்ஃபி, பீச்ல கால் நனைக்கிறதுன்னு முடிச்சுட்டுக் கிளம்பியிருப்பீங்க. அடுத்தமுறை ராஜ வீதியில் இருக்கும் புது எருசலேம் ஆலயத்துக்குள்ளயும் எட்டிப் பாருங்க. அதைக் கட்டின ஜெர்மன்காரர் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கார். பெயர், பர்த்தலோமேயு சீகன்பால்க்.

1706 ஜூலை 9-ம் தேதி, டென்மார்க் ராஜா நான்காம் ஃபிரடெரிக் அனுப்பி, நண்பர் புளுட்சௌவோட கப்பல்ல வந்து இறங்கினார். மறுநாள் அவருக்கு 24-வது பிறந்தநாள். ராஜா அனுப்பின ஆள்னா மாலை மரியாதைன்னு நினைப்பீங்க. கவர்னர் ஹாசியஸ் அவங்களை மணிக்கணக்கா காக்க வெச்சு, கடைசியில நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டார். வியாபாரம் பண்ண வந்த கம்பெனிக்கு மதப்பிரசாரம் தேவையில்லாத தலைவலி.

சீகன்பால்க் அசரலை. திண்ணைப் பள்ளிக்கூடப் பசங்களோட தரையில உட்கார்ந்து, மணல்ல விரலால எழுதித் தமிழ் கத்துக்கிட்டார்.

ஊர்ல ஏற்கெனவே சீயோன் சர்ச் இருந்தது. ஆனா, அது ஐரோப்பியர்களுக்கானது. 1707 மே மாசம் சீகன்பால்க்கிட்ட ஞானஸ்நானம் வாங்கின முதல் ஐந்து பேர், ஐரோப்பியர்கள் வீட்டு அடிமைகள். அதே ஆகஸ்ட்ல தமிழர்களுக்குன்னு சின்னதா ஒரு ஆலயம் எழும்பினது.

1708-ல் ஒரு விதவைப் பெண்ணோட கடன் வழக்குல அவங்க பக்கம் நின்னார். கவர்னர் கடுப்பாகி, கோட்டைக்குள்ள நாலு மாசம் சிறை வெச்சுட்டார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்க ஆரம்பிச்ச வேலை அதனால பாதியில நின்னது. வெளியே வந்து, 1711-ல் முடிச்சார். அச்சடிக்கிறதுலயும் சிக்கல். ஜெர்மனியில இருந்து வந்த தமிழ் எழுத்துகள் சைஸ்ல பெருசு, பேப்பர் எக்கச்சக்கமா தின்னது. இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தாங்க. 1715-ல் புத்தகம் ரெடி!

எல்லாமே புரட்சின்னு நினைச்சுடாதீங்க. தரங்கம்பாடி சபைக்குள்ளயும் சாதி பார்த்துத் தனித்தனியா உட்கார்ற வழக்கம் வந்துடுச்சு. கவர்னரை எதிர்த்து நின்ன சபை, இதுகிட்ட தோத்துப்போச்சு.

பழைய ஆலயம் பத்தாம போகவே, ராஜ வீதியில் பெருசா கட்டி 1718 அக்டோபர்ல திறந்தார். 1719 பிப்ரவரியில் இறந்துட்டார். வயசு 36.

நம்ம ஊர் தெய்வங்களைப் பத்தி 1713-லயே ஒரு பெரிய புத்தகம் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தார். மதம் பரப்பப் போனவருக்கு இதெல்லாம் எதுக்குன்னு அங்கே ஓரமா வெச்சுட்டாங்க. கடைசியில அது சென்னையில அச்சானது, 1867-ல்.